மலைப்பள்ளிகளில் ஒரு பருவப் பணி
(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



‘சமணமும் தொல்லியலும்’ என்னும் தலைப்பில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். அது பேரறிஞர்கள் பேச வேண்டிய பொருள். யான் ஆய்வாளன் அல்லன். ஆய்வாளருக்கு ஏணி பிடிப்பவன். ஆண்டுதோறும் தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் வந்தவாசிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டு, மலையாய்வுக் குழுக்களோடு வைகாசி வரை சுற்றுவது என் தொழில். குகைகளை அளத்தல், வரைபடம் எழுதுதல், நிழற்படம் எடுத்தல், கல்வெட்டுகளை மைப்படி எடுத்தல் ஆகியவை என் வேலைகள். இதனை அலுவலகத் தாள்களில் ‘ஃபீல்ட் டெக்னீசியன்’ என்று எழுதுகிறார்கள். ஊரில் என் பெரியம்மா ‘மலைக்குக் கூலிக்குப் போகிறான்’ என்கிறார். இரண்டும் சரியே. ஆகவே எனக்குத் தெரிந்த அந்தக் கூலி வேலையைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன்.

இவ்வேலை ஏன் ஆண்டு முழுதும் நடப்பதில்லை என்று பலர் கேட்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பாறை வழுக்கும். ஈரக் கல்லில் தாள் ஒட்டாது, ஒட்டினும் உலராது. பங்குனி பிற்பகுதியிலிருந்து அதற்கு மறுதலையான துன்பம். வெயிலேறிய பாறையில் நனைத்த தாளை விரித்தால், தூரிகையால் அடித்து முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து சுருண்டுவிடும். எனவே வைகறையில் ஏறிப் பத்து மணிக்குள் மைப்படி வேலையை முடிக்க வேண்டும். நண்பகலில் குகைக்குள் அமர்ந்து அளவெடுப்போம். மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது, காலையில் கண்ணுக்குப் படாத எழுத்துகள் நிழல் கொண்டு எழுந்து நிற்கும். அந்த அரை மணி நேரம் நிழற்படத்துக்கு உரியது. பொழுது சாய்வதற்குமுன் இறங்கி உண்டுவிடுதல் நமக்கு விரதம். மலைவேலையில் அது பாதுகாப்பு விதியுமாகும். இருட்டில் முள்ளும் உருட்டுக்கல்லும் நிறைந்த சரிவில் இறங்கக் கூடாது என்று எங்கள் குழுத் தலைவர் விதி வகுத்தபோது, எனக்கு மட்டும் அதைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குகைகளைக் கண்டறிவது எங்ஙனம்? நூல்களில் பதிவானவற்றை வரைபடம் காட்டும். பதிவாகாதவற்றை ஆடு மேய்ப்பவர்தாம் காட்டுவர். அவர்களிடம் ‘சமணர் படுக்கை உண்டா?’ என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே விடை வரும். அவர்களுக்கு அது பஞ்சபாண்டவர் படுக்கை. சம்பைக் குகையைத் ‘தாசிமடம்’ என்றும், சமணமலையில் உள்ளதைச் ‘செட்டிப்புடவு’ என்றும் அழைத்தவர்கள் அவர்களே. ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு. மேலூர்ப் பக்கத்தில் ஒரு மூதாட்டியிடம், “ஆத்தா, மழை வந்தா ஆட்டை எங்கே ஒதுக்குவீங்க?” என்று கேட்டேன். “அந்தா தெரியுதுல்ல, அந்தப் புடவுலதான் சாமி. எம்புட்டு மழை பேஞ்சாலும் உள்ளே ஒரு சொட்டு விழுகாது” என்றார். ஏறிப் பார்த்தோம். குகையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டப்பட்டிருந்தது.

அந்தக் காடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மலைச்சரிவில் வழியும் மழைநீர் பாறையின் வளைவைப் பற்றிக்கொண்டு குகைக்குள் இறங்கும் இயல்புடையது. பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டிவிட்டால் நீர் அவ்விடத்தில் பாறையை விட்டுப் பிரிந்து வெளியே சொட்டிவிடும். இரும்பு உளியும் சம்மட்டியும் கொண்டு இதைச் செய்தவர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். இன்றும் அது ஆட்டுக்கு உதவுகிறது. உள்ளே தரையைச் சமன்செய்து, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி, ஒருவர் மட்டும் கிடக்கக்கூடிய அளவில் படுக்கைகள் செதுக்கியிருப்பார்கள். நீளம், அகலம், தலையணையின் உயரம் என்று ஒவ்வொன்றையும் அளப்போம். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் உள்ளன என்று நூலில் படிப்பது ஒன்று. ஒவ்வொரு படுக்கைக்கும் அருகில் மண்டியிட்டு நாடா பிடிப்பது மற்றொன்று. வழவழப்பாகத் தேய்ந்த கல்லில் கை படும்போது, அளவுக் குறிப்பில் எழுத இயலாத ஒன்று தெரியவரும்.

கல்வெட்டு பெரும்பாலும் அக்காடியை ஒட்டியே, தரையிலிருந்து எட்டாத உயரத்தில் இருக்கும். அதனால் எங்களுக்குச் சவுக்குக் கழியும் தேங்காய் நார்க் கயிறும் மிகவும் இன்றியமையாதவை. இரும்புச் சாரம் கனமானது. அதனைத் தலைச்சுமையாக ஏற்றுவது எல்லா மலையிலும் இயலாது. கழிகளைக் கட்டிச் சாரம் எழுப்பி, அதன் அடியில் பாறை வழுக்காதிருக்கச் சாக்கு விரித்து, ஒருவர் மேலே நிற்க இருவர் கீழே பிடிப்போம்.

இனி மைப்படி எடுக்கும் முறை. பாதுகாக்கப்பட்ட இடமாயின் முதலில் துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பிறகு கல்லின்மேல் படிந்த தூசியையும் பாசியையும் மென்மையான தூரிகையாலும் தண்ணீராலும் மட்டுமே அகற்ற வேண்டும். கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள் எதுவும் கூடாது. தண்ணீரைக் குடங்களில் நாமே சுமந்து ஏற வேண்டும். தாளை நனைத்து, எழுத்தின்மேல் சுருக்கமின்றி விரித்து, நார்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடித்துக்கொண்டே வந்தால், தாள் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். காற்றுக் குமிழி நின்றால் அங்கே எழுத்து பொய் சொல்லும். அது பாதி உலர்ந்த பதத்தில், கருமையும் பிசினும் கலந்த மையைத் தகட்டில் தடவி, பஞ்சு பொதிந்த துணி முடிச்சால் அதைத் தொட்டுத் தாளின்மேல் மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். எழுத்து வெள்ளையாக வெளிவரும் அந்தக் கணத்தில், எத்தனை ஆண்டு இவ்வேலையில் இருப்பவரும் பேச்சை நிறுத்திவிடுவார். மை மிகுந்தால் தாளை ஊடுருவிக் கல்லில் கறை படியும். அது நிகழாமல் இருப்பதே ஒருவரின் கைத்திறனுக்கு அளவுகோல்.

மேலே தேனீக்களைப் பற்றி எவரும் நூலில் எழுதுவதில்லை. குகையின் நெற்றி மனிதருக்கு மட்டுமன்று, மலைத்தேனீக்கும் ஏற்ற இடம். ஓராண்டு, படியெடுக்க வேண்டிய வரிக்கு இரண்டு முழ தூரத்தில் பெரிய அடை தொங்கியது. ஊர் இளைஞர்கள் பந்தம் கொளுத்தி இறக்கித் தருவதாக முன்வந்தார்கள். அவர்கள் அன்போடு சொன்னதுதான். தேன் உண்ணாதவர் நாம் என்பது ஒருபுறம். நெருப்புப் பட்டால் பாறையின் மேற்பரப்பு தோலாக உரிந்து விழும் என்பது மறுபுறம். அகிம்சையும் தொழில்முறையும் ஒரே பக்கத்தில் நின்றன. அவ்வாண்டு எதிர்ப்பாறையிலிருந்து தொலைவு ஆடியால் படம் மட்டும் எடுத்துத் திரும்பினோம். மறு ஆண்டு தை மாதத்தில் அடை இல்லை. அவற்றின் மெழுகுத் தடம் மட்டும் இருந்தது. அதன் பக்கத்திலேயே படியெடுத்தோம். ஓராண்டுத் தாமதத்தில் யாருக்கும் இழப்பில்லை.

எடுத்த படியில் என்ன இருக்கிறது என்பது அறிஞர் சொல்ல வேண்டுவது. எனினும் ஏணி பிடித்தவன் செவியில் விழுந்ததைச் சொல்லலாம் அல்லவா? மதுரைக்கு அருகில் மாங்குளம் மலையில் உள்ள எழுத்துகளை இராபர்ட் சீவல் 1882-இல் கண்டார். அவை எம்மொழி என்று தெளிய மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவ்வகைக் குகைக் கல்வெட்டுகள் தமிழே என்று காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றை ஒழுங்குபடுத்திப் படித்தார். முதிய வயதிலும் மீண்டும் மலையேறிப் படிகளை ஒப்பிட்டு, 2003-இல் தம் பெருநூலை வெளியிட்டார். மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர் பள்ளி அமைத்த செய்தியும், வெள்ளறை என்னும் ஊர் வணிக நிகமத்தார் கொடுத்த செய்தியும் உள்ளன. புகழூரிலோ சேர மரபின் மூன்று தலைமுறையினர் பெயர் உள்ளது. சம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பள்ளி 1981-இல் தான் அறிஞர் உலகுக்குத் தெரியவந்தது.

எனினும் எனக்கு அரசர்களைவிட அழகர்மலைக் குகையில் உள்ளவர்களே நெருக்கமானவர்கள். உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று அங்கே கொடையாளர் வரிசை செல்கிறது. பாணிதம் என்பது வெல்லப்பாகு. அறுவை என்பது துணி. கொழு என்பது ஏர்க்கொழு. நம் ஜினாலயங்களில் பூசைச் செலவுக்கும் கூரை வேயவும் கொடுத்தோர் பட்டியலைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோமே, அதற்கும் இதற்கும் வேறுபாடு எழுத்து வடிவத்தில் மட்டும்தான். எவரும் தம் தொழிலை மறைக்கவில்லை. உப்பு விற்றவன் உப்பு விற்றவனாகவே அறம் செய்தான்.

நம் பக்கத்து மலைக்கு வருவோம். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்கு இங்குள்ள பலர் சென்றிருப்பீர்கள். ஒரே பாறையில் இரு வரிசையாக 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள். வருவோர் வணங்குவர், படம் எடுத்துக்கொள்வர், இறங்குவர். அருகில் தரைப்பாறையில் உள்ள எழுத்தைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது என்று அவ்வெழுத்துச் சொல்கிறது. வேறொரு பெரியவர் முப்பது நாள் நோன்பிருந்த செய்தியும் அக்குன்றிலேயே உண்டு. தமிழின் ‘ஐ’ என்னும் உயிரெழுத்து கல்லில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய இடங்களில் ஒன்று என்று இதனை அறிஞர்கள் போற்றுவர். அந்த ‘ஐ’ ஐம்பத்தேழு என்னும் சொல்லின் முதலெழுத்து. சல்லேகனையைப் பற்றி நீதிமன்றத்திலும் செய்தித்தாளிலும் வாதம் நடக்கும் காலம் இது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அந்த நாள்களை எண்ணியவர் ஒருவர் அங்கே இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தோன்றும். உடன் அமர்ந்து, நாள் குறித்து, முடிந்தபின் உளி எடுத்தவர். அவர் பெயர் கல்லில் இல்லை.

இப்போது சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியுள்ளது, பொறுத்தருள்க.

இவ்வெழுத்துகள் மிக ஆழமாக வெட்டப்பட்டவை அல்ல. சில இடங்களில் நகக்கண் அளவு ஆழமே உண்டு. வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கப் பாறை தானே தோலுரிகிறது. அதனைத் தடுக்க நம்மால் இயலாது. காதலர் பெயர் எழுதும் எண்ணெய் வண்ணத்தையும், குகைக்குள் அடுப்பு மூட்டிச் சமைக்கும் விடுமுறைக் கூட்டத்தையும் தடுக்க இயலும், முழுமையாகத் தடுத்தோமில்லை. இவற்றைச் சொன்னால் இங்குள்ள அனைவரும் தலையசைப்பீர்கள். ஆனால் நம்மவர் பக்தியால் செய்வதையும் சொல்ல வேண்டும். ஒரு மலையில் தீர்த்தங்கரர் திருவுருவத்தின் பீடத்தில் வட்டெழுத்து இருந்தது. பழைய படத்தில் தெளிவாக உள்ளது. மறுமுறை யாங்கள் சென்றபோது பீடத்துக்குப் பளபளப்பான சுவரோடு ஒட்டித் திருவுருவத்துக்குப் பொன்வண்ணம் பூசியிருந்தார்கள். பக்கத்தில் உபயதாரர் பெயர் கிரானைட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டா. பழைய உபயதாரர் ஒருவர் பெயரை மூடிப் புதிய உபயதாரர் தம் பெயரை வைத்தார் என்பதே அதன் பொருள் என்று அவருக்கு எவரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், அவர் செய்திருக்க மாட்டார். நல்லவர்தாம். எண்ணெய், பால், மஞ்சள், சந்தனம் ஆகியவற்றுக்கு ஜினாலயத்தில் இடமுண்டு. மலைப்பள்ளியில் தண்ணீரும் பூவும்கூட வேண்டா. கை கூப்பினால் போதும்.

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. மேலூர் வட்டத்தில் உள்ள அவ்வூரின் மலைக்குகையில் பழந்தமிழ்க் கல்வெட்டுண்டு. பாறையின் வெளிப்புறத்தில் அச்சணந்தி செய்வித்த திருமேனி உண்டு. அதனடியில் உள்ள வட்டெழுத்து மலையைத் திருப்பிணையன் மலை என்று குறிக்கிறது. அத்திருமேனி பாதிரிக்குடியார் ‘ரட்சை’ என்றும் அது சொல்கிறது. அதாவது, இதனைக் காப்பவர் பக்கத்து ஊரார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காவலை அரசனிடமோ வணிகனிடமோ ஒப்படைக்காமல் ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மாங்குளக் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழிந்து 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. ஊரார் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சென்றவர்களில் சமணர் எத்தனை பேர்? அவ்வூர்களில் நம்மவர் குடியே இல்லை. அம்மலையில் இலகுலீசர் சிற்பமுடைய சிவன் குடைவரை ஒன்றும் உண்டு. அவர்கள் சுனைக்கும், ஆட்டுக்கும், வயலுக்கும், தெய்வத்துக்கும் சேர்த்தே நடந்தார்கள். நம் திருமேனியும் அவர்கள் கணக்கில் இருந்தது. பாதிரிக்குடியார் ரட்சை என்னும் எழுத்தை நான் சாரத்தின்மேல் நின்று தொட்டுப் பார்த்ததில்லை. கீழே நின்று வாசித்துக் காட்டக் கேட்டிருக்கிறேன். அந்தச் செய்தி வந்த நாள்களில் அச்சொல்லே நினைவில் நின்றது. நாம் அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமேனும் எழுதினோமா என்பதை அறக்கட்டளையின் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இளைஞர்கள் சிலர் இவ்வேலையில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். இது நாட்கூலி அல்லது மாதத் தொகுப்பூதியம். அது ஆறு மாதத்துக்கு மேல் தொடராது. நிலமோ கடையோ வேறு துணையோ இல்லாமல் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. முழங்கால் தேயும். முறையாகக் கற்க விரும்புவோர்க்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலும் தொல்லியலும் கற்பிக்கும் ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. பெண்பிள்ளைகளும் நிறையச் சேர்கிறார்கள். எங்கள் குழுவில் மிக நுண்மையாகப் படியெடுப்பவர் ஒரு பெண்தான். நம் வீடுகளில் கிரந்தமும் பழைய தமிழெழுத்தும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஓலைச்சுவடி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் அமர்ந்து கற்ற பிள்ளைக்கு இப்படிப்பில் பாதி வழி முன்கூட்டியே கடந்ததாகும்.

படிப்பெல்லாம் வேண்டா, ஒரு நாள் வந்து பார்க்கிறோம் என்பவர்களும் வரலாம். தை பிறந்ததும் எந்த மலைக்குச் செல்கிறோம் என்பதை அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவித்துவிடுவேன். அடிப்பகுதி தேயாத காலணி, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அவலோ பொரிமாவோ கொண்டு வந்தால் போதும். அறுபது வயது கடந்தவர்கள் அடிவாரத்தில் அமர்ந்து அளவுக் குறிப்பை எழுதி உதவலாம். அதற்கும் ஆள் தேவை. படியெடுத்த கல்வெட்டுகளின் நிழற்படங்கள் சிலவற்றை, கீழே எழுத்துப்பெயர்ப்போடு, பக்கத்து மண்டபத்தில் வைத்திருக்கிறேன். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். திருநாதர்குன்றின் படம் இடது கைப்பக்கம் மூன்றாவதாக உள்ளது.